மாடு நின்ற இடம்

மூன்று வருடங்களுக்கு முன், மாரி மழை தொடங்கிய நேரம். திருகோணமலைக்கு வடக்கே, கடற்கரை வீதியோரம் இருந்த ஒரு கால்நடை வைத்திய அலுவலகத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். நோய் கண்ட மாடுகளின் விபரங்களைக் கணினியில் பதிவது என் வேலை. ஓர் எழுத்துக்கூடப் பிழை விடமாட்டேன் என்று எனக்குள் பெரிய நினைப்பு.

ஒரு காலை குச்சவெளிக்காரர் ஒருவர் வந்தார். பதினொரு எருமைகளை வைத்துப் பால் விற்றுப் பிழைக்கிறவர். அதில் ஒன்றுக்குத் தொண்டை வீங்கி மூச்சு வாங்குகிறதாம். எந்த இடம் என்று கேட்டேன்.

"காட்டோரக் குளத்தடிப் பட்டியில நிக்குது மிஸ்."

"அது வேணாம் நானா, உங்கட வீட்டு விலாசத்தைச் சொல்லுங்கோ" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"வருத்தம் பிடிச்சது எனக்கில்லயே மிஸ், மாட்டுக்குத்தானே" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வீட்டு விலாசத்தையே பதிந்தேன். படிவத்தில் அதற்குத்தான் கட்டம் இருந்தது.

எங்கள் பக்கம் வயல் விதைத்ததும் மாடுகளை ஊரில் வைத்திருக்க மாட்டார்கள். பல ஊர்க்காரரின் மாடுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுப் பக்கம் பட்டி அடைப்பார்கள். எனக்கென்ன, தெரியாத விசயமா? என் அப்பாவின் மாடுகளும் அப்படிப் போய்வந்தவைதான். கணினிக்கு முன்னால் இருந்ததும் அது என் நினைவுக்கு வரவே இல்லை.

அடுத்த இரண்டு நாளில் அதே தொண்டை வீக்கமென்று இன்னும் நான்கு பேர் வந்தார்கள். நிலாவெளியில் ஒன்று, திரியாயில் ஒன்று என்று வீட்டு விலாசப்படி ஊர் ஊராகப் பிரித்துப் பதிந்தேன். இருந்தது ஒரே வைத்தியர். எங்கே முதலில் போவதென்று என் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். "ஊருக்கு ஒண்டுதானே, பரவுற மாதிரித் தெரியேல்ல" என்றவர், மூன்று மாடுகள் பதிவாகியிருந்த வேறோர் ஊருக்குத் தடுப்பூசியோடு போய்விட்டார்.

மறுநாள் குச்சவெளிக்காரர் தெப்பமாக நனைந்து வந்து நின்றார். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"எட்டு செத்துப் போயிட்டு மிஸ். மத்த ஆக்களும் இங்க வந்து சொன்னவங்களாமே. எல்லாம் ஒரே பட்டி, ஒரே குளத்துத் தண்ணி. உங்களுக்கு விளங்கலயா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அன்றே வைத்தியரை அழைத்துக்கொண்டு பட்டிக்கு ஓடினோம். குச்சவெளிக்காரரின் மிச்ச மூன்றும் இரண்டு நாளில் செத்தன.

இப்போது அவர் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் முற்றம் கூட்டுகிறார். பஸ்ஸில் போகும்போது கண்டால் தலையசைப்பார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன். மாடு நிற்கும் இடத்துக்குப் படிவத்தில் இன்றும் கட்டம் இல்லை. குறிப்பில் எழுதி வைக்கிறேன், யாராவது வாசிக்கிறார்களோ தெரியாது. எத்தனை எழுதி என்ன, அந்த மனிதர் தானாகவே சொன்ன இடத்தை "வேணாம்" என்ற என் ஒரு சொல்லை என்னால் இனி அழிக்க ஏலாது.