குறைந்த பதினொரு நாள்கள்

கடிதங்களும் விண்ணப்பங்களும் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் பேச வராத நான், நாலு பேர் படிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். அதிலும் இன்னொருத்தியைப் பற்றி அவளைக் கேட்காமல் எழுதுகிறேன். கேட்கலாம் என்றால் அவள் இருக்கும் இடம் தெரியாது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில் பத்தாவது படித்தேன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மைன்ஸில் பெர்மனென்ட். வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் நகரியத்துக்கு வெளியே ஒரு கிராமத்திலிருந்து நடந்து வருவாள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மாவுக்குக் கான்ட்ராக்ட் வேலை. கரி ஓடும் பெல்ட்டிலிருந்து கீழே சிந்துவதைக் கூடையில் வாரி மறுபடியும் மேலே கொட்ட வேண்டும். பத்தாவது தேறிவிட்டால் கரி வாராத ஏதாவது ஒரு வேலைக்கு மனுப் போடலாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். என்னைவிட நன்றாகப் படிப்பாள்.

ஐப்பசி மழையில் அவள் அம்மா வழுக்கி விழுந்து கால் வீங்கிப் படுத்துவிட்டாள். கான்ட்ராக்டில் சேர்ந்தாற்போல் சில நாள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். அதனால் இவள் அம்மாவின் புடவையைக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போய், அம்மாவின் பெயரைக் கூப்பிட்டபோது கை தூக்கினாள். மேஸ்திரிக்குத் தெரியும். அவருக்குத் தலை எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். "வெளில தெரிஞ்சுது, ரெண்டு பேரும் வூட்ல குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்" என்று மட்டும் சொல்லியிருந்தாராம்.

அம்மா எழுந்து நடமாட ஆரம்பித்ததும் பள்ளிக்குத் திரும்பி வந்தாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. மழையிலும் கரியிலும் நின்றதில் இருமல் வேறு. ஹெட்மிஸ்ட்ரஸ் அவளைக் கூப்பிட்டு, ஏற்கெனவே எடுத்த லீவையும் சேர்த்தால் பரீட்சை எழுதப் பதினொரு நாள் வருகை குறைகிறது என்றார்.

"டாக்டர் சர்டிபிகேட் கொண்டா. மேல எழுதிக் கேக்கலாம். வெறுங்கையோட வந்து நின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வேலைக்குப் போனதை அவரிடம் சொல்ல முடியாது. காசு கொடுத்து டாக்டரிடம் போகவும் வழி இல்லை. எங்களைப் போன்ற பெர்மனென்ட் ஆட்களின் குடும்பத்துக்குக் கம்பெனி ஆஸ்பத்திரியில் காட்ட மெடிக்கல் புக் உண்டு. அதில் அப்பாவின் நம்பரும் எங்கள் பெயர்களும் இருக்கும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அது கிடையாது. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒருவர் தன் மச்சானுக்குப் புக்கைக் கொடுத்து, மாட்டிக்கொண்டு மெமோ வாங்கியிருந்தார். அன்றைக்கு அப்பா சாப்பிடும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏட்டி, எவளாவது கேட்டான்னு புக்கைத் தூக்கிக் குடுத்திராத. பொறவு நானும் கான்ட்ராக்ட்லதான் நிக்கணும்."

ஆனாலும் நான்தான் கொடுத்தேன். அவள் கேட்கக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பீரோவிலிருந்து எடுத்து அவள் பைக்குள் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"நீ வெளிலயே இருடி. உள்ள நான்தான் நீ. யாருன்னா கேட்டா தலைய ஆட்டு. வாயத் தொறந்துடாத" என்றவள், சிரித்துவிட்டு, "ஒனக்கு வாய் ஏது, அதுக்கு நான் பயப்பட வேணாம்" என்றாள்.

அரைமணி நேரத்தில் சீட்டோடு வந்தாள். டாக்டர் எத்தனை நாளாக இருமல் என்று கேட்டிருக்கிறார். பதினைந்து நாள் என்றாளாம். ஸ்கூலுக்குப் போனாயா என்றதற்குப் போகவில்லை என்றாளாம். எல்லாம் உண்மை. அந்தச் சீட்டில் பொய்யாக இருந்தது பெயர் ஒன்றுதான். என் பெயர்.

சர்டிபிகேட்டில் டாக்டர் கையெழுத்து மட்டும்தான் இருக்கும், பெயரை நாம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். பதினைந்து வயதில் அவ்வளவுதான் தெரிந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நானே பிளேடால் என் பெயரைச் சுரண்டி அவள் பெயரை எழுதினேன். சுரண்டிய இடத்தில் மை ஊறிப் பரவியது. பவுடர் போட்டுத் தேய்த்தேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அதைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். சீட்டின் மேல் மூலையில் இருந்த நம்பரை நாங்கள் கவனிக்கவே இல்லை. சுரண்டிய இடத்தில் என் பெயரின் தடமும் தெரிந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். போனபோது அவள் அங்கே நின்றிருந்தாள்.

"இது யார் நம்பர்?"

"எங்கப்பா நம்பர், டீச்சர்."

"உங்கப்பா புக் இவ கைக்கு எப்படிப் போச்சு?"

எனக்கு அப்பா தலையில் துண்டோடு கான்ட்ராக்ட் வரிசையில் நிற்பதுபோல் தெரிந்தது. வேறு எதுவும் தோன்றவில்லை.

"தெரியாது டீச்சர். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தா."

அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் அவள் பக்கம் திரும்பினார். "நீ எடுத்தியா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த மணியைப் பார்த்தாள்.

"ஆமாங்க டீச்சர். நான்தான் எடுத்தேன். அவங்களுக்குத் தெரியாதுங்க."

ஆறாம் வகுப்பிலிருந்து என்னை 'டி' போட்டுத்தான் கூப்பிடுவாள். 'அவங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஹெட்மிஸ்ட்ரஸ் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினொரு நாளுக்கு நான் யார்கிட்டயாவது கெஞ்சியிருப்பேன். இதுக்கு எப்படிம்மா கெஞ்சுறது? ஆஸ்பத்திரிக்கு நான் எழுதல. எழுதினா அந்த மனுஷன் வேலைக்கு ஆபத்து. ஆனா உன் பேரை இந்த வருஷம் அனுப்ப மாட்டேன். அம்மாவைக் கூட்டிட்டு வந்து டி.சி. வாங்கிக்க."

அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் லேசானது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அப்போதாவது வாயைத் திறந்து, நான்தான் கொடுத்தேன், பெயரைச் சுரண்டியதும் நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெளியே வராந்தாவில் அவள் பையை மாட்டிக்கொண்டாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அழுதுகினு நிக்காத. கணக்கு பீரியடு, உள்ள போ" என்றாள். பிறகு இருமிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் பரீட்சைக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியலில் எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று ஒவ்வொருவரையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டீச்சர். என்னுடையது சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.