பேச்சின் நடுவே அணைந்த கணினி

மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவள் அவள். "மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுவதும் மற்றவர்களிடம் சொல்வாள். வீட்டில் அவளால் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியாது. நாற்பத்து மூன்று வயதில் பாகம் பாகமாக வாங்கித் தானே ஒரு கேமிங் கணினியை இணைத்து உருவாக்கியபோது, முடிதிருத்தும் கடை வைத்திருந்த கணவர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார்.

காரணம் தம்பி. கல்யாணமாகி வேறு ஊரில் இருப்பவன், ஒரு கிடங்கில் மேற்பார்வையாளன். போனில் "சாப்டியா", "சாப்டேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் ஞாயிறு காலைகளில், லாரி ஓட்டும் விளையாட்டில் இருவரும் ஒரே நெடுஞ்சாலையில் முன்னும் பின்னுமாகப் போகும்போது ஹெட்செட்டில் அவன் வாய் ஓயாது.

அப்படியொரு ஞாயிறு அவன் குரல் இறங்கியது. "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும். நானும் அவளும் இப்ப..."

திரை இருண்டது. கணினி தானாக மறுபடி கிளம்புவதற்குள் தம்பி ஆட்டத்தை விட்டுப் போயிருந்தான். போன் போட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா. அப்புறம் பேசலாம்."

அந்த 'ஒண்ணுமில்ல' அவளை நிம்மதியாக இருக்க விடவில்லை. இரண்டு வாரமாகவே கணினி இப்படித்தான்: சில நாள் பத்து நிமிடத்தில் நிற்கும், சில நாள் மூன்று மணி நேரம் சமர்த்தாக ஓடும். இனி விடக்கூடாது என்று அன்றே பெட்டியைத் திறந்தாள். தூசி துடைத்தாள், சூட்டை அளந்தாள், சரியாகவே இருந்தது. கிராபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அழித்துப் புதிதாகப் போட்டாள். கேபிள்களை எல்லாம் கழற்றி மாட்டினாள். செவ்வாய் முழுக்க ஓடியது. புதன் மாலை மறுபடி அணைந்தது. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேசையில் எறிந்துவிட்டு, அடுத்த நிமிடமே தேடி எடுத்தாள்.

மருத்துவமனைக்கு ஸ்கேன் எந்திரம் பழுது பார்க்க வரும் மெக்கானிக்கிடம் புலம்பினாள்.

"ஒரே நேரத்துல நாலு மாத்துனா எதனால சரியாச்சுன்னே தெரியாது" என்றார் அவர். "திரும்ப ஆன் ஆகும்போது தடவைக்குத் தடவை ஒரே எரரா வருது?"

"இல்ல, ஒவ்வொரு தடவையும் ஒண்ணு."

"அப்ப ராம் மேலதான், அதான் அந்த மெமரி மேலதான், எனக்குச் சந்தேகம்."

சனிக்கிழமை விடுமுறை. மெமரியைச் சோதிக்கும் நிரலைப் பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டாள். மணிக்கணக்கில் ஆகும் வேலை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள், நிமிடத்துக்கொரு முறை வந்து எட்டிப் பார்த்தாள்.

சாப்பிட வந்த கணவர், "பிரசவ வார்டு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறியே" என்றார்.

அவர் கை கழுவி வருவதற்குள் திரையில் சிவப்பு வரிகள் ஓடத் தொடங்கின. உள்ளே இரண்டு ராம் துண்டுகள். ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பார்த்தாள். முதலாவதில் பிழையே இல்லை. இரண்டாவதில் சிவப்பு. அதை வேறு இடத்தில் செருகினாள், அங்கேயும் சிவப்பு. அப்படியானால் பழுது அந்தத் துண்டில்தான். அதைக் கழற்றி வைத்துவிட்டு, தம்பிக்குச் செய்தி அனுப்பினாள்: "நாளைக்கு வண்டி எடுக்கலாமா?"

மறுநாள் பாதி மெமரியோடு விளையாட்டு விட்டுவிட்டு ஓடியது. அவளாக எதையும் கேட்கவில்லை. அரை மணி நேரம் அவன் கிடங்கைப் பற்றியே பேசினான். பிறகு, "திரும்ப நின்னுடாதே?" என்றான்.

"நிக்காது. சொல்லுடா."

"அவ அம்மா வீட்டுக்குப் போயி ரெண்டு மாசமாச்சு. அன்னிக்கு நீ சட்டுனு போயிட்டியா, உனக்குக் கேக்கவே புடிக்கலையோன்னு நெனச்சேன்."

"ராம் போச்சுடா, மடையா."

அவன் சிரித்தான். பாதியில் அந்தச் சிரிப்பு உடைந்தது. அவள் லாரியை ஓரங்கட்டவில்லை. நிறுத்தினால் அவனும் பேச்சை நிறுத்திவிடுவான் என்று பயந்தாள். கட்டைவிரலால் மேசை விளிம்பைத் தேய்த்தபடியே ஓட்டினாள். ஒன்றரை மணி நேரம் அவன் சொன்னான், அவள் கேட்டாள்.

புதன்கிழமை விடுப்பு எடுத்து அவன் வீட்டுக்குப் போனாள். தொட்டியில் பாத்திரம் குவிந்து கிடந்தது; அவள் துலக்க, அவன் துடைத்தான். சாயங்காலம் அவள் எதிரிலேயே மனைவிக்குப் போன் செய்தான். மூன்று நிமிடம்தான் பேசினார்கள். சனிக்கிழமை நேரில் சந்திப்பதாக முடிவாயிற்று. போனை வைத்துவிட்டு, என்ன சட்டை போட்டுக்கொண்டு போவது என்று அக்காவிடம் கேட்டான்.