மூச்சோடு மல்லுக்கட்டியவன்

தம்பியின் காறையெலும்பு முறிந்த சத்தம் சம்மட்டிக்குத் தெளிவாகக் கேட்டது. பழைய லாரிகளைப் பிரித்து உடைக்கும் யார்டில் இருபது வருஷம் வேலை பார்த்தவன். எது உடைகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். கையில் வீல் ஸ்பேனர். தம்பி செய்த குற்றம், ஒரு கியர்பாக்ஸைத் தப்பான குவியலில் போட்டுவிட்டு, "விடுண்ணே, எல்லாம் இரும்புதானே" என்று சிரித்தது. அடுத்த நொடி அவன் எண்ணெய்த் தரையில் சுருண்டு கிடந்தான்.

சம்மட்டி என்பது யார்டில் வைத்த பெயர். எத்தனை துருப்பிடித்த நட்டும் அவன் போடும் நாலு அடியில் வழிக்கு வந்துவிடும். நாளடைவில் மனுஷர்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்தார்கள். கிரேன் ஓட்டுபவனுக்கு இரண்டு பல் போயிற்று. வீட்டில் ஒரு கதவு, இரண்டு நாற்காலி, ஒருமுறை மனைவியின் மணிக்கட்டு.

தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு திரும்பிய அன்றே வேலையை விட்டான். அன்றைக்கே சம்மட்டியின் மனைவி அவனிடம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினாள். ஞாயிறு காலை, புத்தர் சொன்ன வழியில் தியானம்.

"இதுக்குப் போங்க. இல்லேன்னா நானும் பொண்ணும் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுறோம். மிரட்டலா சொல்லல. பையெல்லாம் எடுத்து வச்சாச்சு."

போனான். பள்ளிக்கூடம் ஒன்றின் ஓவிய அறையில் வகுப்பு. டீச்சருக்கு முப்பது வயது இருக்கும். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுப்பவள். மூக்கு நுனியில் மூச்சு வருவதையும் போவதையும் கவனியுங்கள், மனசு ஓடிவிட்டால் ஓடிவிட்டது என்று தெரிந்துகொண்டு திரும்பி வாருங்கள் என்றாள். சம்மட்டியின் காதில் விழுந்ததோ, மனசைப் போட்டு அடக்கு என்பதுதான்.

அவன் அடக்க ஆரம்பித்தான். மூச்சைத் துருத்தி மாதிரி இழுத்து இழுத்து விட்டதில் தலை கிறுகிறுத்தது. தம்பி முகம் வந்தது. போடா நாயே என்று விரட்டினான். கிரேன்காரன் வந்தான், அவனையும் உள்ளுக்குள்ளேயே மிதித்தான். கால் மரத்து, முட்டி நெருப்பாய் எரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் காலை மாற்றிப் போட்டதைப் பார்த்து, நான் அசைந்தால் ஆம்பளை இல்லை என்று பல்லைக் கடித்தான். மணி அடித்து எழுந்தபோது கால் இருந்த இடமே தெரியவில்லை. படம் வரையும் பலகையோடு சேர்ந்து குப்புற விழுந்தான்.

"எப்படி இருந்துச்சு?" என்றாள் டீச்சர்.

"ஒரு நினைப்பை விடல டீச்சர். வந்ததையெல்லாம் அடிச்சு நொறுக்கிட்டேன்."

"அடிக்கச் சொன்னது யாரு? வந்துச்சுன்னு தெரிஞ்சா போதும். கால் வலிச்சா மெதுவா மாத்திக்கலாம். இங்க பந்தயம் எதுவும் நடக்கல."

இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தினமும் காலை அரைமணி நேரம் உட்கார்ந்தான். நாலாவது வாரம் ஒரு நாள் என்னவோ நடந்தது. உடம்பு பஞ்சு மாதிரி லேசாகி, மண்டைக்குள் நிலா வெளிச்சம் மாதிரி ஒன்று பரவியது. எழுந்து வந்து மகளிடம் சிரித்துப் பேசினான். பதினாலு வயசுப் பெண், என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள்.

மறுநாள் அந்த வெளிச்சம் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கண்ணை இறுக மூடி அதைத் துரத்தினான். ஐந்தாம் நாள் சமையலறையில் மிக்ஸி ஓடியது. எழுந்து போய் வயரோடு பிடுங்கிச் சுவரில் அடித்தான். ஜாடி தெறித்து மகளின் முழங்காலைக் கிழித்தது.

மனைவி துணியை வைத்து ரத்தத்தை அழுத்தியபடியே சொன்னாள்: "முன்னாடி கோபம் வந்தா அடிப்பீங்க. இப்போ நிம்மதி கெட்டுப்போச்சுன்னு அடிக்கிறீங்க. எங்களுக்கு என்னங்க வித்தியாசம்?"

அவன் குனிந்து ஜாடித் துண்டுகளைப் பொறுக்கினான். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குமைச்சலோடுதான் வகுப்பில் உட்கார்ந்தான். பக்கத்துக் கிழவர் இருமினார். மறுபடி இருமினார். மூன்றாவது இருமலுக்குச் சம்மட்டி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். கிழவரின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

மற்றவர்கள் அலறி எழுந்தார்கள். டீச்சர் பஞ்சை எடுத்துக் கிழவரின் மூக்கை அழுத்திப் பிடித்தாள். பிறகு சம்மட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்கேயே உக்காருங்க. மூச்சு வேண்டாம். இப்போ உடம்புல என்ன நடக்குதோ அதைப் பாருங்க. நல்லவரா ஆக வேண்டாம். சும்மா பாருங்க."

உட்கார்ந்தான். முஷ்டி தானாகத் துடித்தது. காதுக்குப் பின்னால் சூடு. தாடை இறுகி வலித்தது. கிழவரைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. உடனே தன்னையே கொல்ல வேண்டும் போலிருந்தது. இந்த முறை எதையும் விரட்டவில்லை, விரட்டுவதற்கு அவனிடம் தெம்பில்லை. சூடு ஏறியது, இன்னும் ஏறியது, பிறகு அதுவாக இறங்கத் தொடங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு நிமிஷம்தான் ஆகியிருந்தது. வாழ்நாளெல்லாம் இதுதான் நான் என்று நினைத்திருந்த ஒன்றுக்கு ஆயுள் ஆறு நிமிஷம். போகும்போது கிழவரின் முன்னால் கைகூப்பி நின்றான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துத் தம்பி தன் கருவிப் பெட்டியை எடுக்க யார்டுக்கு வந்தான். எல்லார் முன்னாலும், "சாமியாராயிட்டியாமே? எங்கே, இப்ப அடி பாப்போம்!" என்று கத்தி, கையில் கிடைத்த சைலன்சர் துண்டால் வீசினான். புருவம் பிளந்தது. ஒரு கண்ணில் ரத்தம் வழிய, சம்மட்டி தம்பியின் கழுத்தைப் பிடித்து லாரிக் கதவோடு அழுத்திவிட்டான். அப்புறம்தான் தெரிந்தது, அழுத்துகிறோம் என்று. காதுக்குப் பின்னால் சூடு. தாடை. கட்டைவிரலுக்கு அடியில் தம்பியின் நரம்பு தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது. விரலை எடுக்க வேண்டும். இருபது வருஷத்தில் எந்த நட்டும் அவ்வளவு இறுக்கமாக இருந்ததில்லை.

எடுத்தான். தம்பி இருமித் தடுமாறி நிமிர்ந்து, அவன் வயிற்றில் ஓங்கி உதைத்துவிட்டுப் பெட்டியோடு போனான்.

"சம்மட்டி புடி கழண்டுருச்சுடா!" என்று யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு ரத்தம் மறுபடி கொதித்தது. ஒரு இன்ஜின் மேல் உட்கார்ந்து, கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழு தையல். தம்பி இன்றுவரை பேசவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை சம்மட்டியின் கை நீண்டது. இரண்டு முறையும் யார்டில்தான், வீட்டில் இல்லை.

"இது எப்ப டீச்சர் முடியும்?" என்று ஒருநாள் வகுப்பில் கேட்டான்.

"போன வாரம் லேப்ல ஒரு ட்ரேயைத் தூக்கி எறிஞ்சேன். பதினோரு வருஷமா இப்படி உக்காந்துட்டிருக்கேன்" என்றாள் அவள்.

அந்தப் பதில் அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. முனகிக்கொண்டே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கிழவருக்கு இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தான்.