வலது காலை முன்வைத்த ஏழுமலை

ஏழுமலை இறந்துவிட்ட செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு வந்தது. அவருடைய மனைவி தேவகிதான் பேசினார். "சிஸ்டர், அவரு எழுந்திருக்கல. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. தூக்கத்துலயே நெஞ்சு நின்னுபோச்சாம். நீங்க வந்துடுங்க" என்றார். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது, அவருக்கும் எனக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து, ஐம்பது வயதுகூட ஆகவில்லையே என்பதை மட்டும் நினைத்துக்கொண்டு போனேன்.

எங்கள் தொழிற்சாலையில் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் கார்களுக்கான தகடுகளை இயந்திரத்தில் அழுத்தி எடுக்கும் பிரஸ் ஷாப்பில் பதினேழு ஆண்டுகள் வேலை பார்த்தவர். நான் அங்கே முதலுதவி அறையில் செவிலி. அவர் பேச்சை எடுக்கும்போதே "பாவம்" என்று தொடங்குகிறவர்கள் உண்டு. அந்தச் சொல்லை அவருக்குப் பக்கத்தில் வைக்க நான் ஒருநாளும் சம்மதித்ததில்லை, இப்போதும் சம்மதிக்க மாட்டேன்.

கேன்டீனுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் டென்னிஸ் தரை இருக்கிறது. வெளிநாட்டு அதிகாரிகளுக்காகப் போட்டது. அவர்கள் ஊர் திரும்பிய பின் அதில் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவற்றை அப்புறப்படுத்தி, தொழிலாளர்களும் ஆடலாம் என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கியவர் ஏழுமலை. அப்போது அவர் வலது கையால் ஆடுவார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, தொலைக்காட்சி பார்த்துக் கற்றுக்கொண்டது. நான் பாளையங்கோட்டையில் படித்த நாட்களில் கல்லூரிக்காக ஆடியவள். ஞாயிறு ஓவர்டைம் இல்லாத காலைகளில் அவரோடு ஆடத் தொடங்கினேன். ஒருமுறை என்னைத் தோற்கடித்துவிட்டு, "நீங்க முறையா கத்துகினவங்கோ சிஸ்டர். நான் முறையில்லாம ஜெயிச்சிட்டேன், மன்னிச்சுக்கங்கோ" என்றார். மன்னிப்புக் கேட்பவர் முகமாக அது இல்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன், முதல் ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கையில், அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து என் அறைக்குக் கொண்டுவந்தார்கள். வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் இல்லை. நான் கட்டுப்போட்டு ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்ல. இயக்குபவரின் கவனக்குறைவுன்னு போடுங்க" என்றார். போட்டேன். ரத்தம் பார்த்துக் கலங்காத கைதான் என்னுடையது. ஆனால் அன்று அது அவர் சொன்னதை அப்படியே எழுதியது. இதை இத்தனை பேருக்கு முன் ஒப்புக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நான்கு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய அன்று ஏழுமலை பிரஸ் ஷாப்புக்குப் போகும் முன் என் அறைக்கு வந்தார்.

"அந்த நோட்டுல இன்னா எழுதினீங்கோ சிஸ்டர்?"

படித்துக் காட்டினேன்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்லண்ணே."

"அப்பறம் எப்படித் தெரிஞ்சுது?"

அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். பிறகு அவரே சொன்னார். அந்த பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டையும் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இயந்திரம் இறங்க வேண்டும். கை இரண்டும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. எண்ணிக்கை கூடுவதற்காக வலப்பக்கப் பொத்தானை அழுத்தியபடியே டேப் சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு கை தகட்டைத் தள்ளும், மறு கை அழுத்தும். தள்ளிய கை உள்ளே இருந்தது.

"ரெண்டு தடவ சொன்னேன், அந்த டேப்ப எடுங்கன்னு. எழுதுங்கோ" என்றார்.

முன்பு எழுதியதற்குக் கீழேயே அன்றைய தேதி போட்டு அவர் சொன்னதை எழுதினேன். அவர் பேனாவை இடது கையில் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எழுத்துகள் மேலும் கீழுமாகக் கோணி நின்றன. அந்தக் கை போட்ட முதல் கையெழுத்து அதுதான். அதே வாக்குமூலத்தின் நகலை வைத்து அவர் மனு கொடுத்தார். விசாரணை வந்தது. பிரஸ் ஷாப்பில் இருந்த எல்லாப் பொத்தான்களையும் மாற்றினார்கள். அவருக்கு வாசலில் உட்கார்ந்து வண்டி எண் எழுதும் வேலையைத் தருவதாகச் சொன்னார்கள். "பிரஸ் தெரிஞ்சவன் நானு. லாரி நம்பர் எழுத வேற ஆள் பாருங்கோ" என்று மறுத்து, தகட்டுக்கு வடிவம் தரும் அச்சுகளைச் சரிபார்க்கும் வேலைக்குப் பிரஸ் ஷாப்புக்கே திரும்பினார்.

அதற்கு அடுத்த ஞாயிறு டென்னிஸ் மட்டையோடு வந்தார். மட்டை இடது கையில்.

பந்தை அடித்துத் திருப்புவது ஓரளவு வந்துவிட்டது. சர்வீஸ்தான் வரவில்லை. பல ஆண்டுகளாக வலது கைக்குப் பழகிய உடம்பு, தானாகவே இடது காலை முன்னே வைத்தது. இடது காலும் இடது கையும் முன்னே இருந்தால் தோள் திரும்ப இடமே கிடையாது. பந்து வேலிக்கு மேலே போய், புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு நின்ற டிரெய்லரில் விழுந்தது.

"இன்னா சிஸ்டர் இது, காலு எம்பேச்ச கேக்க மாட்டேன்னுது."

நான் சொல்லிப் பார்த்தேன். வலது கால் முன்னே, கோட்டுக்கு ஒரு சாண் பின்னால். அதன் விரல்கள் இடப்பக்க வலைக்கம்பத்தைப் பார்க்க வேண்டும். இடது கால் பின்னே, கோட்டுக்கு இணையாக. வலது தோள் வலையைப் பார்க்க வேண்டும். அவர் ஒவ்வொன்றையும் கேட்டு, ஒவ்வொன்றையும் தப்பாகச் செய்தார். பிறகு அவரே வழி கண்டுபிடித்தார்.

"சொல்லாதீங்கோ. அந்தப் பக்கம் போயி நில்லுங்கோ. நீங்க சர்வீஸ் போடற மாதிரி நில்லுங்கோ, நான் பாத்துகினே நிக்கறேன்."

வலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். வலக்கைக்காரியான நான் எதிரே நின்றால் இடக்கைக்காரருக்குக் கண்ணாடி. என் முன்கால் பார்த்த வலைக்கம்பத்தையே அவருடைய முன்காலும் பார்த்தது. நான் முழங்காலை மடக்கினால் அவர் மடக்கினார். நான் பின்காலில் இருந்த எடையை முன்காலுக்கு மாற்றினால் அவரும் மாற்றினார். பந்து இல்லை, மட்டை மட்டும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று காற்றை அடிப்பதைப் பார்த்துக் கேன்டீன்காரர்கள் சிரித்தார்கள். ஏழுமலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் அப்படியே போயிற்று.

கால் படிந்த பிறகு கை வந்தது. இடக்கைக்காரர் பந்தை வலது கையால் மேலே போட வேண்டும். அவருக்கு அந்தக் கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான். பிடித்தால் நழுவியது. கடைசியில் பிடிப்பதையே விட்டுவிட்டார். உள்ளங்கையில் பந்தை வைத்து, கையை நீட்டியபடி தோளிலிருந்து மேலே உயர்த்தினார். பந்து சுழலாமல் நேராக ஏறி, முன்காலுக்கு மேலே சற்றே இடப்புறமாக நின்றது. நான் இத்தனை ஆண்டுகளில் என் ஐந்து விரலாலும் அப்படிச் சுத்தமாகப் பந்து போட்டதில்லை. அவரிடம் அதைச் சொன்னேன்.

"எல்லாரும் கை போச்சு கை போச்சுன்றாங்கோ. கை இங்கதான் கீது. மூணு விரலுதான் இல்ல" என்றார்.

அந்த ஆண்டு விளையாட்டு விழாவில் பெயர் கொடுத்தார். முதல் ஆட்டத்திலேயே சர்வீஸ் வரிசையாகத் தவறியது. வெளியே போகாதவற்றில் பாதியை, அடிக்கும் முன் வலது கால் கோட்டை மிதித்தது என்று நடுவர் செல்லாததாக்கினார். மிதித்ததும் உண்மைதான். போட்டியை நடத்திய அதிகாரி நல்ல மனிதர். நடுவில் வந்து, "ஏழுமலை, மட்டையாலேயே பந்தைத் தூக்கிப் போட்டு அடிக்கலாம். ஒரு கை இல்லாதவங்களுக்கு விதியிலயே அதுக்கு இடம் இருக்கு. இல்லேன்னா கீழேர்ந்து அடிங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார்.

"கை இல்லாதவங்களுக்கு வெச்ச சட்டம் சார் அது. நான் எடுத்துக்கினா தப்பு" என்று சொல்லிவிட்டு மறுபடி கோட்டுக்குப் போனார். ஒரு கேம்கூட எடுக்காமல் தோற்றார். வெளியே வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "எத்தினி தடவ கோட்ட மிதிச்சேன்?" ஒன்பது என்றேன். அடுத்த வாரம் சாக்குக்கட்டி கொண்டுவந்து, கோட்டுக்குப் பின்னால் தன் வலது பாதத்தைச் சுற்றி வரைந்தார். பின்காலை இழுத்துக்கொண்டு போய் முன்காலோடு சேர்க்கும் பழக்கத்தை விட்டார். அதுதான் அவரை முன்னே தள்ளியிருக்கிறது. இரண்டு கால்களும் வைத்த இடத்திலேயே இருக்க, முழங்காலிலிருந்து எழும்பி அடித்து, கோட்டைத் தாண்டி உள்ளே வலது காலில் இறங்கினார். மழைக்கால ஞாயிறுகளில் நாங்கள் முதலில் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் ஆடுவோம். அந்தச் சாக்குக்கோட்டை எத்தனை முறை வரைந்திருப்பார் என்று தெரியாது.

மூன்றாம் ஆண்டு அரையிறுதியில் அவருக்கு எதிரே தரக்கட்டுப்பாட்டு மேலாளர் சந்தானம். தொடர்ந்து கோப்பை வாங்குகிறவர். பிரஸ் ஷாப் ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து பேருந்தில் ஏறாமல் வேலியோரம் நின்றார்கள். முதல் செட் சந்தானத்துக்கு. இரண்டாவது செட்டில் ஏழுமலை தரையின் இடப்பாதியிலிருந்து சர்வீஸ் போடும்போதெல்லாம் ஒன்றையே செய்தார். பந்தின் விளிம்பை வெட்டி அடித்தார். அது வலையைத் தாண்டி விழுந்து, சந்தானத்தின் இடப்புறமாக விலகி விலகி ஓடியது. வலக்கைக்காரரின் பலவீனமான பக்கம் அது. சந்தானம் ஒவ்வொரு முறையும் பக்கத்து வேலி வரை ஓடினார். செட் ஏழுமலைக்கு வந்தது. கால் ஒருமுறைகூடக் கோட்டைத் தொடவில்லை. மூன்றாவது செட்டில் மூச்சு வாங்கித் தோற்றார்.

சந்தானம் வலைக்கு வந்து தன் வலது கையை நீட்டினார். ஏழுமலையின் கையைப் பார்த்ததும் சங்கடப்பட்டு, இடது கைக்கு மாற்றினார். ஏழுமலை வலது கையைத்தான் கொடுத்தார். "இதுவும் ஆடுச்சு சார்" என்றார்.

போன வாரம் கேன்டீனில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பணியாளர் துறையில் புதிதாக வந்திருக்கும் அதிகாரி ஒரு தாளைக் கொடுத்து என்னைப் படிக்கச் சொன்னார். அவரை நன்கு அறிந்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தேவகி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக் முன் நின்று படித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது வரி: "தம் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தில் விரல்களை இழந்தபோதும் தன்னம்பிக்கையை இழக்காதவர்." பழைய பதிவேட்டிலிருந்து என் வரியைத்தான் எடுத்திருந்தார்கள். கீழே இருந்ததை யாரும் படிக்கவில்லை.

நிறுத்தினேன். "இந்த வரி தப்பு" என்றேன். "இதை முதல்ல எழுதினவ நான்தான். பாக்காம எழுதினேன். பொத்தானை டேப் போட்டுக் கட்டியிருந்தாங்க. வேண்டாம்னு அவர் ரெண்டு தடவை சொல்லியிருக்கார். கவனமா இருந்தவர் அவர் மட்டும்தான்." பின்வரிசையில் பிரஸ் ஷாப் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தேவகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். மீதி வரிகளையும் படித்து முடித்துவிட்டு இறங்கினேன்.

வெளியே அந்த அதிகாரி வந்து, "தாள்ல இருந்ததை மட்டும் படிச்சிருக்கலாமே சிஸ்டர்" என்றார்.

"படிச்சேன் சார். தப்பா இருந்துச்சி, திருத்தினேன்."

என் ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது. என்ன ஆகும் என்று தெரியாது. ஏழுமலை எனக்கு விட்டுப்போயிருப்பது குரலை உயர்த்தாத ஒரு கோபம். கெஞ்சவும் கத்தவும் தெரியாத கோபம். அதை நான் வைத்துக்கொள்கிறேன். யார் கேட்டாலும் திருப்பித் தருவதாக இல்லை.