லாட்டரைட்டும் என் வாசல் சாவியும்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு லாரியைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். யார், நானா? ஆமாம்… ஆட்டோ வீட்டைத் தாண்டிப் போனாலும் 'நிறுத்துங்கள்' என்று சொல்லக் கூச்சப்படுகிற நானேதான்!

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுப் பின்மதில் மழையில் சரிந்துவிட்டது. புதிதாகக் கட்ட வெட்டுகல் வந்து இறங்கியது. கேரளம் முழுக்க வீடுகளைத் தாங்கி நிற்கிற அதே சிவப்புக் கல்தான். கையிலிருந்த வாசல் சாவியால் ஒன்றைக் குத்திப் பார்த்தேன். அல்வாவில் போவதுபோல் உள்ளே போனது!

பேசாதவர்கள் தலையில்தானே மட்டமான சரக்கைக் கட்டுவார்கள்? இந்தத் தடவை விடுவதாக இல்லை.

"திருப்பிக் கொண்டு போங்கோ!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

டிரைவர் முகம் வெளுத்துவிட்டது. "சேச்சி, மலப்புறத்திலேர்ந்து வர்றேன். லோடு திரும்பிப் போனா முதலாளி என்னைப் பின்னே வண்டியில ஏத்த மாட்டார்."

நான் அசையவில்லை. அவர் போன் செய்ய, கொத்தனார் சுகுமாரன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டார். சரிந்து கிடந்த பழைய மதிலைக் காட்டினார்.

"அதும் இதே கல்லு தன்னே. அங்கே குத்துங்கோ சேச்சி, பலமா!"

குத்தினேன். கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. சாவிதான் வளைந்தது.

"வெட்டின உடனே பிஞ்சு. ஒரு மாசம் காத்தும் வெயிலும் கொள்ளட்டும். பின்னே கட்டலாம்."

டிரைவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். "மன்னிச்சுக்கோங்கோ" என்று சொல்வதற்குள் டீயே ஆறிவிட்டது.

சாயங்காலம், ஜியாலஜி படித்த என் மகளிடம் போனில் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, அதுக்கு உலகம் முழுக்க லாட்டரைட்னு பேர். லத்தீன்ல 'லாட்டர்'னா செங்கல். வெள்ளைக்கார டாக்டர் ஒருத்தர் மலபார் பக்கம் வந்தப்போ, இதை மெத்துனு வெட்டியெடுத்து, இறுகினப்புறம் கட்டறதைப் பார்த்திருக்கார். இங்க சில பாஷைல செங்கல்-கல்லுன்னே சொல்லிண்டிருந்தா. அதைத்தான் அவர் லத்தீன்ல மாத்தினார்!"

அப்படியானால் புத்தகத்தில் இருக்கும் பெயரே கல் வெட்டினவர்கள் கொடுத்தது! பச்சைச் செங்கல் மாதிரி இறுகவிட்டுத்தான் கட்ட வேண்டும் என்பதையும் அந்தப் பெயருக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். சில பேருக்கு டிகிரி தேவையில்லை.

ஒரு மாதம் கழித்து மதில் எழும்பிவிட்டது. கம்பீரமாக நிற்கிறது. வாசல் கதவுதான் இப்போது வளைந்த சாவியைப் போட்டு இரண்டு தட்டு தட்டினால் திறக்கிறது.

வாயைத் திறக்க ஐம்பது வருஷம் எடுத்துக்கொண்டவள், ஒரு கல்லுக்கு ஒரு மாதம் கொடுக்க மாட்டேன் என்றிருக்கிறேன்!