கேட்காமல் கொடுத்த கண்ணாடிக் குண்டு

என் கணவர் மத்திகிரி மாட்டுப் பண்ணையில் குமாஸ்தா. நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டது. என் முதல் பேப்பர் வெயிட்டை அங்கேதான் வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் குண்டு. உள்ளே அரிசி மணி அளவில் பூக்கள். சாய்த்தால் பூக்கள் பெரிதாகும். இன்னும் சாய்த்தால் ஓரத்தில் போய் மறையும். சித்திரை வெயிலிலும் கைக்குச் சில்லென்றிருக்கும்.

அதன்பிறகு பெங்களூர் போகும்போதெல்லாம் பழைய சாமான் கடைகளில் தேடினேன். நான்கு வருடத்தில் ஆறு சேர்ந்தன. வீட்டில் மற்றதெல்லாம், நான் உட்பட, எதற்காவது உதவியாக வேண்டும். அவை மட்டும் சும்மா அழகாக இருந்தன.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது முதல் குண்டைக் காணவில்லை.

"என்னுங்க, பூப்போட்டது எங்க?"

"அதுவா? எங்க ஆபீசர் வந்திருந்தாரு. நல்லா இருக்குதேன்னாரு. எடுத்துக்குங்க சார்னு குடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"உன்ன எதுக்குக் கேக்கணும்? இன்னும் அஞ்சு இருக்குதில்ல?"

அன்று அவரோடு மேற்கொண்டு பேசவில்லை. பேசியிருந்தால் எதையாவது தூக்கி எறிந்திருப்பேன்.

மறுநாள் காலை நேராகப் பண்ணை ஆபீசுக்குப் போனேன். அதிகாரி மேசையில் கொட்டைப்பாக்கை வைத்து, என் குண்டின் அடியால் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். மேசையருகே போய்க் கையை நீட்டினேன்.

"சார், அது என்னுது. எங்க வீட்டுக்காரர் என்னைக் கேக்காம குடுத்துட்டாரு. திருப்பிக் குடுங்க."

அவர் சிரித்தார். "குடுத்தத யாராச்சும் திருப்பிக் கேப்பாங்களாம்மா?"

"நான் குடுக்கல சார்."

வாசலில் என் கணவர் வந்து நின்றார். "ஏய், வீட்டுக்குப் போ!" என்று பல்லைக் கடித்தார். அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. நான் கையை நீட்டியபடியே நின்றேன். அதிகாரி பாக்குத் தூளைத் துடைக்காமலே குண்டை என் பக்கம் தள்ளினார். அடியில் நகம் அளவுக்குப் பெயர்ந்து, விரிசல் பூக்கள்வரை ஓடியிருந்தது.

ஒரு மாதம் என் கணவர் என்னோடு பேசவில்லை. நான் என் சம்பளத்தில் பூட்டுப் போட்ட கண்ணாடி அலமாரி செய்யச் சொல்லி, ஆறையும் அதில் வைத்தேன். சாவி என்னிடமே இருந்தது. தன் பதவி உயர்வு தள்ளிப்போனதற்கும் நான்தான் காரணம் என்றார். வருகிறவர்களிடமெல்லாம், "ஒரு கண்ணாடிக் குண்டுக்காக என் மானத்த வாங்கிட்டா" என்று சொல்லிச் சிரிப்பார். நான் சமையலறையிலிருந்து வெளியே வந்து, "நீங்க செஞ்சதையும் சேத்துச் சொல்லுங்க" என்பேன்.

கடைசிவரை அவர் சொல்லவில்லை. நானும் மன்னிக்கவில்லை.