நான்காவது எலுமிச்சம்பழம்

ஆறாம் வகுப்புக்கு என்னைத் தர்மபுரியில் சேர்த்துவிட்டு, அப்பா தன் சிநேகிதர் வீட்டில் தங்கவைத்தார். பென்னாகரத்திலிருந்து தினமும் வந்துபோவது தூரம் என்று அவர்களிடம் சொன்னார். உண்மைக் காரணம் என் வயிறு. சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் எனக்குக் குடலும் சேர்ந்து சுற்றும். அந்தச் சிநேகிதரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடச் சொன்னார்கள். அவர்களுடைய மகள் என்னைவிடப் பெரியவள், அதனால் அக்கா. அப்பா கிளம்பும்போது தனியாக அழைத்துச் சொன்னார்: "அடுத்தவங்க வூடு. உன்னால தொந்தரவுன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, மறுநாளே கூட்டிட்டுப் போயிருவேன்."

அந்த வருஷப் பரீட்சை முடிந்து, நான் ஊருக்குக் கிளம்புவதற்குள் மாமா பழைய கார் ஒன்று வாங்கினார். ஏற்காட்டுக்குப் போகலாம் என்றார். அங்கே வாயைத் திறந்தால் புகை வரும் என்று அக்கா கதை அளந்துவிட்டு, தன் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்தாள். மே மாத வெயிலில் வாசலிலேயே அதை மாட்டிக்கொண்டு நின்றேன். பஸ்ஸில் முகர்வதற்கு அம்மா எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் தருவார். அத்தையிடம் கேட்டால் குட்டு உடைந்துவிடும் என்று கேட்கவில்லை.

காருக்குள் மல்லிகை வாசனைப் புட்டி ஒன்று தொங்கியது. நல்லம்பள்ளி தாண்டுவதற்குள் என் வாயில் உப்புத் தண்ணீர் ஊறியது. கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். சும்மா இருக்கமாட்டாயா என்றாள் அக்கா. தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் சாலையோரக் கோயில் ஒன்றில் மாமா வண்டியை நிறுத்தினார். தினம் ஒரு லாரி கவிழும் இறக்கம் என்று அத்தை வழியெல்லாம் புலம்பியிருந்தார்.

பூசாரி நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, முன்பக்கம் போய்க் கற்பூரம் காட்டினார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். நான் மட்டும் குனிந்து, என் ஜன்னலுக்குக் கீழே, இடப்பக்கப் பின் சக்கரத்தில் இருந்ததை எடுத்து ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மாமா வண்டியை நகர்த்தினார். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாலு வெச்சாங்க. மூணுதாங்க நசுங்கியிருக்கு. இந்தப் பின் சக்கரத்துப் பழத்தக் காணோம்."

"எங்கயாவது உருண்டிருக்கும், வுடு" என்றார் மாமா. பின்னால் லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார்.

அத்தைக்கு முகம் செத்துவிட்டது. அக்காவை முன் சீட்டுக்கு அனுப்பினார். என்னை ஜன்னலோரத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, என் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டார். வேடிக்கை பார்க்கப் பெரியவர்களுக்கும் இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவரோ இறக்கம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். பிடிபட்டுவிட்டோம் என்றே நினைத்தேன். பைக்குள் பழம் இருந்தும் எடுத்து முகர வழியில்லை. திருடியதன் பலன் அவ்வளவுதான்.

ஏற்காட்டு மலையில் எத்தனை வளைவு தாங்கினேனோ, ஒன்றில் எல்லாம் வெளியே வந்தது. அத்தையின் புதுச் சேலை மேல். பதறி அவர் என் ஸ்வெட்டரைக் கழற்றினார். பழம் அவர் மடியில் விழுந்தது.

அவர் பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அழ ஆரம்பித்தேன். "எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க அத்தை" என்றேன். அவர் பழத்தைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு பெரிதாக மூச்சுவிட்டார். அப்புறம் ஏனோ சிரித்தார். என்ன விழுந்தது என்று மாமா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

ஏற்காட்டில் புகை ஒன்றும் வரவில்லை, நானும் ஊதி ஊதிப் பார்த்தேன். திரும்பும்போது அத்தை கைப்பையைத் திறந்து அதே பழத்தை என் கையில் கொடுத்தார். ஜன்னலோரத்தில் என்னை உட்காரவைத்து, தான் முன் சீட்டுக்குப் போய்விட்டார்.

வாந்தி எடுத்த பிள்ளை பக்கத்தில் உட்கார அருவருப்பு என்று நினைத்துக்கொண்டு, தர்மபுரி வரும்வரை அந்தப் பழத்தை முகர்ந்தபடி அவர்மேல் கோபமாக இருந்தேன்.